வலப்பக்கத்துச் சுவிச்

“பொம்பிளையள் சுடலைக்கு வாறேல்லை, பிள்ளை. நீர் வீட்டை போம்” என்று அத்தான் சொன்னார். எனக்கு அழுது அழுது குரல் போயிருந்தது. இல்லாவிட்டால் பிரேதம் வைத்திருந்த அந்த மண்டபத்திலேயே இரண்டில் ஒன்று பார்த்திருப்பேன்.

அத்தான் என்று நான் சொல்வது இவருடைய தமையன் இராசரத்தினத்தை. இவர் என்று நான் சொல்வது பெட்டிக்குள் படுத்திருந்த என் மனுசனை. பெயர் நவரட்ணம். மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை. திங்கட்கிழமை வேலைக்கு வெளிக்கிட்டு, சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. இருதயம் என்றார்கள். ஒரு தலையிடி என்றுகூட வாய்விட்டுச் சொல்லாத மனுசன். சொல்லாமலே போய்விட்டார்.

நான் கேட்டது பெரிய விசயம் இல்லை. எல்லாம் முடியும் மட்டும் இவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ரொறன்ரோவில் சுடலை என்று எங்கே இருக்கிறது? கம்பளம் விரித்து, ஏசி போட்டு, வாசலில் கோப்பி மெசின் வைத்த கட்டடம் அது. இங்கே எத்தனையோ வீட்டுப் பெண்கள் போகிறார்கள். ஒருவருக்கும் தலை வெடிக்கவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் அத்தான் வைத்ததுதான் சட்டம். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கி, கனடாவுக்கும் கூப்பிட்டு எடுத்தவர். அதனால் இவர் அவருக்கு முன்னால் உரத்துக் கதைத்ததே இல்லை. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

கலியாணம் கட்டிய நாளில் இருந்து இவருக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்து வந்தவள் நான். கடைசிப் பயணத்தில் மட்டும் இறங்கு என்றால் எந்த நியாயம்?

பக்கத்துச் சீற் என்று சும்மா சொல்லவில்லை. இவருடைய கார் அப்படி.

எங்கள் மகன் கஜீவன் பாலர் வகுப்புக்குப் போகத் தொடங்கிய வருசம் வாங்கிய கார். அவன் இப்போது டவுன்ரவுனில் வேலைக்குப் போகிறான். கார் மட்டும் அதே கார். பெயின்ற் உரிந்து, ஏசி செத்து, ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு குணம் உண்டு. ஹைவேயில் விட்டால் ஒரு குறையும் சொல்லமுடியாது, முன்னால் அடிக்கிற காற்றே எஞ்சினைக் குளிர வைத்துவிடும். றெட் லைற்றில் நின்றாலோ, நெரிசலில் ஊர்ந்தாலோதான் ஆபத்து. அப்போது காற்று வராது. றேடியேற்றருக்குப் பின்னால் இருக்கிற ஃபான் தானாகச் சுழலத் தொடங்க வேண்டும். அது சுழலாது.

மெக்கானிக் யேசுரட்ணம் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, “அக்கா, ஃபான் நல்ல ஃபான். சூடேறிட்டுது, சுத்து எண்டு அதுக்குச் சொல்லுற சாமான்தான் செத்துப்போச்சு” என்றார். அதை மாற்றலாம் என்றும் சொன்னார். இவர் விட்டால்தானே? இரண்டு பேருமாக நின்று ஒரு வயரை உள்ளே இழுத்து, கையால் போடுகிற சுவிச் ஒன்றைப் பூட்டிவிட்டார்கள். வயர் வரக்கூடிய ஓட்டை வலப்பக்கம்தான் இருந்ததாம். இங்கே ஸ்ரியறிங் இடப்பக்கம், பக்கத்துச் சீற் வலப்பக்கம். அதனால் சுவிச் என் முழங்காலுக்கு மேலே வந்து குந்திக்கொண்டது.

அன்றைக்குத் தொடங்கியது என் உத்தியோகம். லைற்றில் கார் நிற்கும். சூட்டு முள் பாதியைத் தாண்டும். “இஞ்சேரும், போடும்” என்பார். போடுவேன். முன்னால் ஃபான் இரைந்து எழும்பும். முள் மெல்ல, போதுமென்ற அளவுக்கு இறங்கும். “காணும், நிப்பாட்டும்” என்பார். நிப்பாட்டுவேன். நெடுகப் போட்டே வைத்திருக்கவும் முடியாது, பியூஸ் எரிந்துவிடும். ஒருமுறை நான் கதைப் பராக்கில் மறந்துபோய், றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் தேருக்குப் போகிற வழியில், பேவியூ றோட்டில் பட்டுவேட்டியும் பட்டுச்சேலையுமாக ஆவி பறக்க நின்றோம். தெரிந்த சனம் முழுக்க வேடிக்கை பார்த்துக்கொண்டு போனது.

“உந்தக் கோதாரி பிடிச்ச காரை வித்துத் தொலையுங்கோவன்!” என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்.

“வித்தால் உமக்கு வேலை போயிடுமப்பா” என்பார். அவ்வளவுதான் இவருடைய பகிடி.

வேலைக்குத் தனியப் போகும்போது ஒரு கையால் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையை எட்டிப் போடுவாராம். எட்டி எட்டி வலத் தோள் நோகிறது என்று எண்ணெய் தேய்க்கக் கேட்பார். நோகட்டும், அப்பவாவது புத்தி வரட்டும் என்று ஏசிக்கொண்டே தேய்த்துவிடுவேன்.

இனி அன்றைய நாளுக்கு வருகிறேன்.

ஐயர் கிரியை முடித்துவிட்டார். வாய்க்கரிசி போட்டாயிற்று. பெட்டியை மூடி ஆண்கள் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். பெண்கள் மண்டப வாசலோடு நின்றோம். ஊரில் என்றால் வீட்டு வாசல் படலையோடு நிற்போம்; இங்கே தானாகத் திறந்து மூடுகிற கண்ணாடிக் கதவு. எனக்குப் பக்கத்தில் நின்ற சனம் குழறி அழுதது. நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிரேதக் காருக்கு நேரே பின்னால் இவருடைய கார் நின்றது. அதை வீட்டு வாசலில் அல்லவா விட்டிருந்தோம்! ஸ்ரியறிங்கில் கஜீவன். முன்கண்ணாடிக்குள் இவருடைய படம்.

“ஆர் இந்தக் காரை இஞ்சை கொண்டுவந்தது?” என்று கேட்டேன்.

மண்டபத்தில் வேலை செய்கிற மாக்கஸ் என்ற கறுப்புக் கோட்டுத் தமிழ்ப் பொடியன் ஊர்வலத்துக் கார்களுக்கு ஊதாக் கொடி குத்திக்கொண்டிருந்தான். “பெரியவர்தான் விடிய எடுப்பிச்சவர், அன்ரி. தம்பியின்ரை கார்தான் முன்னுக்குப் போகோணுமாம். சுணங்காமல் வெளிக்கிடோணும். பிந்தினால் எரிக்கிற இடத்திலை எங்கடை நேரத்தை அடுத்த குடும்பத்துக்குக் குடுத்திடுவாங்கள்” என்றான்.

அத்தானுக்கு அது ஒரு மரியாதை. எனக்கு விளங்கியது. ஆனால் மகன் தகப்பனின் காரை ஒருநாளும் ஓட்டியதில்லை. ஆகஸ்ட் மாத வெயில். ஊர்வலம் என்றால் ஆமை வேகம். வீட்டில் இருந்து மண்டபத்துக்கு வந்த தூரம் ஒரு தூரமே இல்லை. இனிப் போகிற தூரம்தான் தூரம். பாதி வழியில் கொதித்து நிற்கும். கொள்ளி வைக்கிற பிள்ளை நடுறோட்டில் நிற்பான்.

கதவு திறந்தது. நான் வெளியே காரடிக்குப் போய்விட்டேன்.

“பிள்ளை, எங்கை வாறீர்?” அத்தான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். வேட்டி நனைந்திருந்தது. கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

“அத்தான், அந்தக் கார் நான் இல்லாமல் ஓடாது.”

“என்ன விசர்க் கதை கதைக்கிறீர்?”

“விசரில்லை. ஃபானுக்குச் சுவிச் நான்தான் போடுறனான். மெல்லப் போனால் கொதிக்கும்.”

“அப்ப சுவிச் எங்கையெண்டு பெடியனுக்குக் காட்டிவிட்டுப் போம்.”

காட்டலாம்தான். கையை நீட்டி, இதுதான் என்றால் முடிந்தது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா?

“காட்டேலாது அத்தான். பழகோணும்” என்று சொல்லிக் கதவைத் திறந்து என் சீற்றில் ஏறி, பெல்ற்றையும் போட்டுக்கொண்டேன். நான் சொன்னது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. பிரேதக் கார் அசையத் தொடங்கியது. அத்தான் பின்னால் நின்ற தன் வான் வண்டிக்கு ஓடினார்.

கஜீவன் என்னைப் பார்த்தான். தகப்பனின் மூக்கு, தகப்பனின் நெற்றி. தலை மழித்திருந்தது. “அம்மா, ஆர் யூ ஓகே?” என்றான்.

“றோட்டைப் பார். உந்த முள்ளையும் பார். பாதிக்கு மேலை போனால் சொல்லு.”

“சொல்லி?”

“‘போடுங்கோ’ எண்டு சொல்லு. நான் போடுவன்.”

கென்னடி றோட்டில் ஏறி, சிக்ஸ்ரீன்த் அவெனியூவில் மேற்கே திரும்பினோம். எல்லாக் காருக்கும் இரண்டு பக்க சிக்னலும் மினுங்கிக்கொண்டிருந்தது. யூனியன்வில்லில் வழமையாக நாங்கள் மரக்கறி வாங்குகிற கடை வந்தது. வெளியே வண்டில் தள்ளிக்கொண்டு நின்ற ஒரு சீனக்கிழவர் தொப்பியைக் கழற்றினார். நான் பிரேதக் காரின் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பெட்டியின் ஓரம் தெரிந்தது. இத்தனை வருசம் இடப்பக்கம் இருந்தவர் இப்போது முன்னால் போகிறார். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

“அம்மா, போடுங்கோ.”

கை தானாகப் போனது. ஃபான் இரைந்தது. லைற் பச்சையானது, ஊர்ந்தோம், நிப்பாட்டினேன். அடுத்த லைற். “அம்மா, போடுங்கோ.” போட்டேன். அவன் தகப்பன் மாதிரியே, முகத்தைத் திருப்பாமல், முள்ளில் ஒரு கண் வைத்துக்கொண்டு சொன்னான். அவன் இங்கே பிறந்த பிள்ளை. தமிழில் நாலு சொல்லுக்கு மேல் கோர்வையாகப் பேசமாட்டான். அந்த ஒரு சொல்லை மட்டும் பிழையில்லாமல் சொன்னான்.

வுட்பைன் அவெனியூவை நெருங்கும்போது முள் இறங்க மறுத்தது.

ஃபான் ஓடிக்கொண்டிருந்தது. என் காதில் கேட்டது. ஆனாலும் முள் முக்காலைத் தாண்டி மேலே போனது. “ஹீற்றரை முழுக்கப் போடு, ஜன்னலெல்லாம் இறக்கு” என்றேன். வெயில் காலத்தில் ஹீற்றரா என்று அவன் கேட்கவில்லை. எஞ்சினின் சூட்டை உள்ளே இழுத்து நாங்கள் வாங்கிக்கொண்டால் அதற்குக் கொஞ்சம் சுகம். இவர் செய்கிற வைத்தியம் அது. அடுப்பு வாய்க்குள் முகத்தை வைத்தது போலச் சூடு அடித்தது. கஜீவனின் மொட்டைத் தலையில் வியர்வை வழிந்தது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

அப்போதுதான் மணந்தது. றேடியேற்றருக்குள் விடுகிற கூலன்ற் மணம் இல்லை. அது தித்திப்பாக மணக்கும், எனக்குத் தெரியும். இது வேறு. பூ வேகிற மணம்.

“தம்பி, முன்னுக்கு என்னடா கட்டியிருக்கு?”

“பெரியப்பா ரீத் கட்டினவர். பிக் வண்.”

ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டேன். மண்டபத்தில் நான் காரைப் பக்கவாட்டில்தான் பார்த்தேன், மூக்கைப் பார்க்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! எஞ்சினுக்குக் காற்றுப் போகிற ஒரேயொரு வாயை மலர்வளையத்தால் அடைத்துவிட்டு, தம்பிக்கு மரியாதையாம். காற்று உள்ளே வராவிட்டால் ஃபான் எதை இழுக்கும்?

“நிப்பாட்டு. எஞ்சினை நிப்பாட்டு. ஓரங்கட்டு.”

நிப்பாட்டினான். பின்னால் வந்த கார்கள் எல்லாம் நின்றன. பிரேதக் கார் எங்களைக் கவனிக்காமல் போய்க்கொண்டே இருந்தது. நான் இறங்கி முன்பக்கம் போனேன். வண்டிச் சில்லு அளவு வளையம். வெள்ளையும் மஞ்சளுமான பூக்கள் ஓரமெல்லாம் கருகிச் சுருண்டிருந்தன. நைலோன் கயிற்றால் ஏழெட்டு முடிச்சு. அத்தான் கட்டினால் அப்படித்தான், ஒன்றையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். கம்பியில் கை பட்டுச் சுட்டது. நகத்தால் முடிச்சை இழுத்தேன்.

அத்தான் வானில் இருந்து இறங்கி ஓடிவந்தார். “அதிலை கை வையாதையும்! அது தம்பியின்ரை...”

“அத்தான், இது இருந்தால் கார் போகாது. காத்து வேணும் இதுக்கு!”

அவர் ஒரு கணம் வளையத்தைப் பார்த்தார், தூரத்தில் சிறுத்துப்போகிற பிரேதக் காரைப் பார்த்தார். பிறகு கஜீவனிடம் திரும்பினார். “தம்பி, நீ வா, என்ரை வானிலை ஏறு. நேரம் போகுது. அம்மா காரோடை நிக்கட்டும். ஆரும் வந்து வீட்டை கூட்டிக்கொண்டு போவினம்.”

அதில் பிழை சொல்ல முடியாது. கொள்ளி வைக்கப் பிள்ளை போயாக வேண்டும். என் கை முடிச்சிலேயே நின்றது. இவ்வளவு தூரம் வந்து, கடைசியில் றோட்டோரம் நிற்பதுதான் என் தலையெழுத்து என்று நினைத்தேன். “போ, ராசா” என்று நானே சொல்லிவிட்டேன்.

கஜீவன் கதவைத் திறந்து வந்தான். வானுக்குப் போகவில்லை. என் பக்கத்தில் குந்தி இருந்து மற்றப் பக்க முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தான். “நோ, பெரியப்பா. ஐம் நொட் லீவிங் ஹேர். அம்மா வாறா எண்டால் நான் வாறன்.”

“அப்பாவைப் பாராமல்...”

“அப்பாவின்ரை கார் இது. அம்மாதான் ஓட்டுறா. நான் சும்மா ஸ்ரியறிங் பிடிக்கிறன்.”

அத்தான் சால்வையை இடுப்பில் கட்டினார். குனிந்தார். தான் கட்டிய முடிச்சுகளைத் தானே அவிழ்த்தார்.

வளையத்தை என் மடியில் வைத்துக்கொண்டேன். சூடாக இருந்தது. எஞ்சினைப் போடாமல் ஃபானை மட்டும் போட்டேன்; அந்தச் சுவிச்சுக்குக் கார்த் திறப்பைத் திருப்பத் தேவையில்லை. காற்று இப்போது தடையில்லாமல் உள்ளே போகிற சத்தம் கேட்டது. கஜீவன் திறப்பைப் பாதி திருப்பிப் பார்த்து, முள் சிவப்பை விட்டு இறங்கியதும் ஸ்ராட் பண்ணினான். ஹீற்றர் அடித்தபடியே இருந்தது. மூன்று நாள் அழுத முகத்தில் வியர்வை எது, கண்ணீர் எது என்று தெரியாமல் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தோம்.

எரிக்கிற கட்டட வாசலில், பிரேதக் காரோடு முன்னால் வந்திருந்த மாக்கஸ் கையை ஆட்டிக் கூப்பிட்டான். “கெதியா, கெதியா! நேரம் முடியுது” என்றான். பெட்டி ஏற்கனவே உள்ளே போயிருந்தது.

அது சின்ன அறை. அறைக் கதவில் அத்தான் நின்றார். இந்த முறை கையை விரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், “வாசலோடை நில்லும், பிள்ளை. அது காணும்” என்று கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார். அவரோடு சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்த மனுசன். நின்றேன். வாசற்படியில் இருந்து பார்த்தால் ஆண்களின் முதுகுதான் தெரிந்தது.

பெட்டி உருளைகளில் உள்ளே போகிற சத்தம் கேட்டது. இரும்புக் கதவு இறங்கியது. ஊரிலே கொள்ளிக்கட்டை, இங்கே சுவரில் ஒரு பொத்தான். அதை மகன் அழுத்த வேண்டும்.

“அழுத்து, தம்பி” என்றார் அத்தான்.

ஒன்றும் நடக்கவில்லை.

“அழுத்து, ராசா. அப்பாவுக்குச் செய்யிற கடமை.”

முதுகுகள் விலகின. கஜீவன் சுவருக்கு முன்னால் விரலை நீட்டியபடி நின்றான். விரலுக்கும் பொத்தானுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. அவனால் முடியவில்லை. தோள் குலுங்கியது. வளர்ந்த பிள்ளை, எல்லோருக்கும் முன்னால் விம்மி விம்மி அழுதான். மாக்கஸ் மணிக்கூட்டைப் பார்த்தான்.

கஜீவன் திரும்பி, அவ்வளவு பேருக்கும் மேலாக என்னைத் தேடிப் பார்த்தான்.

“அம்மா, போடுங்கோ.”

நான் படியைத் தாண்டினேன். “யோகம்...” என்று என் பெயரைச் சொல்லி அத்தான் தொடங்கினார். அவர் கை ஒன்று என்னை மறிக்க எழும்பியது. பாதியில் விழுந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, “என்ரை தம்பி, என்ரை தம்பி” என்று குழந்தை மாதிரி அழுதார்.

மகனின் கையைப் பிடித்தேன். அவன் விரலுக்கு மேல் என் விரலை வைத்தேன். எத்தனை றெட் லைற்றில், எத்தனை நெரிசலில், இவர் சொல்லி நான் போட்டிருக்கிறேன்! ஒரு நாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. இஞ்சாருங்கோ, போடுறன் என்று மனதுக்குள் சொன்னேன்.

போட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் நெருப்புச் சத்தம்தான் வரும் என்று நினைத்திருந்தேன். இல்லை. முதலில் ஒரு ஃபான் இரைந்து எழும்பியது. எனக்குப் பழகின சத்தம். நெருப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

கஜீவன் என் தோளில் முகத்தைப் புதைத்தான். நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். காணும், நிப்பாட்டும் என்று இவர் சொல்வார் என்று என் கை காத்துக்கொண்டே இருந்தது. அந்தச் சுவரில் நிப்பாட்டுகிற சுவிச் இருக்கவில்லை.